உடம்போடு ஒத்துப்போகும் பாலிமர்கள்: வேலூர், ராணிப்பேட்டை பட்டறைகளுக்கான கேள்வி-பதில்

பழைய வடஆற்காட்டில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் மோல்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சோல் தயாராகிறது. வேலூரோ ஆஸ்பத்திரி ஊர். இந்தியாவில் முதன்முதலில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றி கண்டது 1971-ல் இங்கே சிஎம்சியில்தான். மூடியும் கைப்பிடியும் ஓட்டும் மெஷினில் மருத்துவச் சாதனத்துக்கான பாகம் ஓட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும், பொறியியல் மாணவர்களுக்காகவும் இந்தப் பதில்கள்.

உடம்பு ஏற்றுக்கொள்ளும் பிளாஸ்டிக் எவை என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

கிடைக்காது. கிடைத்தாலும் நம்பாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை நாள், என்ன வேலைக்கு என்ற மூன்றையும் சொல்லாமல் ஒரு பொருளை உடம்போடு ஒத்துப்போவது என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். டெஃப்லானை எந்த ரசாயனமும் லேசில் தொடாது. கட்டியாக வைத்தால் உடம்பும் சும்மா இருக்கும். ஆனால் மூட்டில் உரசித் தேய்ந்தபோது உதிர்ந்த தூள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கியது. 1962-ல் அவர் மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீனுக்கு மாறினார். டெஃப்லான் அதற்காகக் கெட்ட பொருளாகிவிடவில்லை. அதையே நீட்டி நுண்துளைகளோடு செய்த குழாய்தான் இன்றைக்கு டயாலிசிஸ் நோயாளியின் கையில் ரத்தக்குழாயாக வைக்கப்படுகிறது.

மூலப்பொருள் பையில் 'மெடிக்கல் கிரேடு' என்று அச்சடித்திருக்கிறதே, போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: சோதனையில் தேற வேண்டியது பைக்குள் இருக்கும் குருணை அல்ல, உங்கள் பட்டறையில் உருகி, குளிர்ந்து, கழுவி, பேக் ஆகி, ஸ்டெரிலைஸ் ஆன கடைசிப் பாகம்.

'மெடிக்கல் கிரேடு' என்பதற்குச் சட்டப்படி ஒரே வரையறை கிடையாது. நல்ல சப்ளையர் அந்தப் பெயரில் சில உறுதிகளைத் தருவார். சேர்மானத்தை மாற்ற மாட்டார். மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்வார். லாட் வாரியாகச் சான்று அனுப்புவார். இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'யுஎஸ்பி (அமெரிக்க மருந்துத் தரநூல்) ஆறாம் வகுப்பு' என்று ஒரு சான்றும் காட்டுவார்கள். பொருளை ஊறவைத்து எடுத்த சாற்றை விலங்கின் உடலுக்குள் செலுத்திப் பார்ப்பது, தோலுக்குள் செலுத்திப் பார்ப்பது, சிறு துண்டைத் தசையில் பதித்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் அதில் அடக்கம். அது குருணைக்கோ மாதிரித் தகட்டுக்கோ கொடுத்த சான்று. உங்கள் மோல்டில் பூசிய துருத்தடுப்பு எண்ணெயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நல்ல குருணையும் பட்டறையில் நாலு வழிகளில் கெடுகிறது. முதலாவது மோல்ட் ரிலீஸ் ஸ்ப்ரே. துத்தநாக ஸ்டியரேட் கலந்தது செல் சோதனையில் பாகத்தை வீழ்த்தும். சிலிகோன் ஸ்ப்ரே பிற்பாடு ஒட்டு வேலையையும் அச்சையும் கெடுக்கும். இரண்டாவது எஜெக்டர் பின்னில் தடவும் கிரீஸ். மூன்றாவது பேரலில் தங்கிய பழைய பொருள். காலையில் ஏபிஎஸ் ஓட்டிய பேரலில் மதியம் சிரிஞ்சு பாகம் ஓட்டினால் கறுப்புப் புள்ளி வரும். நான்காவது நிறத்துக்காகக் கடைசி நிமிடத்தில் சேர்க்கும் மாஸ்டர்பேட்ச். நிறமும் அதன் தாங்கு பொருளும் புதுச் சேர்மானம். அதற்குப் பழைய சான்று செல்லாது.

எந்தப் பாகத்துக்கு எந்தப் பாலிமர் பொதுவாகப் போகிறது?

சிரிஞ்சின் உடல் பாலிபுரொப்பிலீன். ட்ரிப் செட் குழாய், ரத்தப்பை ஆகியவை மிருதுவான பிவிசி. ஸ்டாப்காக் (குழாயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் திருகு), இணைப்பான் போன்று உள்ளே பார்க்க வேண்டிய பாகங்கள் பாலிகார்பனேட். டயாலிசரின் உள்ளே இருக்கும் முடி போன்ற குழல்கள் பெரும்பாலும் பாலிசல்ஃபோன். ஒவ்வொன்றும் சுமார் 200 மைக்ரான் உள்விட்டம்.

ரத்தக்குழாய்க்குள் செல்லும் கதீட்டர் என்றால் பாலியூரித்தேன் பக்கம் போங்கள். வெளியே விறைப்பாக இருந்து உள்ளே போய் உடம்புச் சூட்டில் இளகுவது அதன் அருமை. பாலியஸ்டர் வகை யூரித்தேன் ஈரத்தில் நீராற்பகுப்பாகி (நீரால் மூலக்கூறுச் சங்கிலி உடைந்து) கொழகொழக்கும்; பாலிஈதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் நீண்ட காலம் உள்ளே இருந்தால் ஆக்சிஜனேற்றத்தில் மேற்பரப்பு வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியதற்குப் பாலிகார்பனேட் யூரித்தேன் பார்க்கலாம். மலிவு என்று பாலியஸ்டர் வகையை எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு முதலில் பயன்பட்டது பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக். போர் விமானிகளின் கண்ணில் தெறித்து ஏறிய காக்பிட் மேற்கூரைச் சில்லுகள் சீழ் பிடிக்காமல் அப்படியே கிடந்ததைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949-ல் அதே வகைப் பொருளில் லென்ஸ் வைத்தார். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முறை பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வில் திறந்து மூடும் வட்டத்தகடு, மூட்டுக் கிண்ணத்தில் சொன்ன அதே மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன். தையல் வளையம் பாலியஸ்டர் துணி. தினமும் லட்சம் முறை அடிபடும் தகடு அது. பக்கெட்டும் பாலிஎத்திலீன்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மூலக்கூறு எடை பல லட்சங்களைத் தாண்டும்போது அது வேறு பொருளாகவே நடந்துகொள்கிறது.

பிவிசியில் இருக்கும் டிஇஎச்பி பற்றிப் பயப்பட வேண்டுமா?

பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் இடம் பார்க்க வேண்டும். மிருதுவான பிவிசியின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை பிளாஸ்டிசைசர், அதாவது மிருதுவாக்கும் பொருள், இருக்கும். டிஇஎச்பி அதில் ஒரு வகை. அது பாலிமரோடு வேதிப்பிணைப்பில் இல்லை. கொழுப்புள்ள திரவம் பட்டால் வழிந்து அதில் கலக்கும். குறைமாதக் குழந்தைக்கு மணிக்கணக்கில் லிப்பிட் ஊட்டம் ஏற்றும் குழாயில் அதைப் போடுவது தவறு. டிஓடிஎம், டிஇஎச்டி, டிஐஎன்சிஎச் என்ற மாற்றுப் பிளாஸ்டிசைசர் சேர்த்த பிவிசியோ பிவிசியே இல்லாத குழாயோ எடுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாக இருந்தால், டிஇஎச்பி எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருப்பதை நியாயப்படுத்தி எழுத வேண்டியிருக்கும்.

ரத்தப்பையில் கதை வேறு. பையிலிருந்து கசியும் டிஇஎச்பி சிவப்பணுவின் சவ்வைத் தாங்கிப் பிடித்து, சேமிப்பில் அணுக்கள் உடைவதைக் குறைக்கிறது. மாற்றுச் சேர்மானத்துக்குப் போகும்போது இந்த உதவியும் போய்விடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்று: நைட்ரோகிளிசரின் போன்ற சில மருந்துகளைப் பிவிசி குழாய் உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலில் இருக்கும் அளவு நோயாளிக்குப் போய்ச் சேராது. அதற்கு உட்புறம் பாலிஎத்திலீன் பூசிய குழாய் வேண்டும்.

ரன்னரை (மோல்டின் வாய்க்காலில் இறுகி மிஞ்சும் பிளாஸ்டிக்கை) அரைத்து மறுபடியும் போட்டால் என்ன?

நோயாளியின் உடம்பையோ மருந்தையோ தொடும் பாகத்தில் போடாதீர்கள். ஒவ்வொரு முறை உருகும்போதும் சங்கிலி அறுபடும், நிலைப்படுத்திகள் தீரும், அரவை மெஷினின் தூசியும் இரும்புத் துகளும் சேரும். போட்டே ஆக வேண்டும் என்றால் எத்தனை சதவீதம் என்று நிர்ணயித்து, அந்தச் சதவீதத்தில் செய்த பாகத்தையே எல்லாச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். தட்டுப்பாடு வந்த வாரம் மட்டும் கூட்டிப் போடுவது மன்னிக்க முடியாத தப்பு.

சிலிகோன் பாகம் மேல்பரப்பில் பிசுபிசுவென்று நிற்கிறது. ஓவனில் இன்னும் நேரம் வைத்தால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. பிளாட்டினம் கியூர் (பிளாட்டினக் கிரியாவூக்கியால் இறுகும்) சிலிகோன் என்றால், கிரியாவூக்கியை ஏதோ விஷமாக்கியிருக்கிறது. கந்தகம், அமீன், தகரச் சேர்மம் மூன்றும் முதல் சந்தேகம். பாகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி இறுகி, விரல் பட்ட இடம் மட்டும் ரேகையோடு பிசுபிசுத்தால் லேடெக்ஸ் கையுறைதான் காரணம். அதிலிருக்கும் கந்தகம் போதும். வினைல் கையுறைக்கு மாறுங்கள். நைட்ரைலிலும் சில ரகங்களில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. அந்த ரகத்தின் ஒரு துண்டைச் சிலிகோனில் பதித்துச் சோதிக்காமல் நம்பாதீர்கள். ஒரு முகம் முழுக்கப் பிசுபிசுத்தால் மோல்டைப் பாருங்கள். ரெசின் அச்சில் எடுத்த மோல்டா, எப்பாக்ஸி ஒட்டியதா, களிமண் வைத்து அடைத்ததா? எங்கும் சமமாகப் பிசுபிசுத்தால் சிலிகோனின் இரு பங்குகளான ஏ-யும் பி-யும் 1:1 கலக்கவில்லை அல்லது பி தீர்ந்துபோன பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. ஷூ வேலைக்குக் கந்தக ரப்பர் ஓடும் கூடத்திலேயே சிலிகோன் பிரஸ்ஸையும் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தீரவே தீராது. தனி அறை, தனி ஓவன், தனிக் கத்தி வேண்டும்.

பெராக்சைடு கியூர் என்றால் நோய் வேறு. வினைக்குப்பின் மிஞ்சும் அமிலம் மெதுவாக மேலேறி வெள்ளைத் தூளாகப் படியும். துடைத்தால் போகும், மறுநாள் மறுபடி வரும். அதைப் போக்குவதற்குத்தான் போஸ்ட் கியூர்: பொதுவாக 200 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம், புதுக்காற்று ஓடும் ஓவனில். காற்றோட்டம் இல்லாத ஓவனில் தட்டு மேல் தட்டு அடுக்கினால் ஆவி வெளியேறாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பிளாட்டினம் கியூர் பாகத்துக்கும் போஸ்ட் கியூர் செய்தால் எளிதில் ஆவியாகும் சிறு சிலாக்சேன்கள் போகும். உடம்புக்குள் தங்கும் பாகம் என்றால் பெராக்சைடை விட்டுப் பிளாட்டினம் வகையே எடுங்கள்.

நல்ல குருணைதான், ஆனாலும் பாகத்தில் வெள்ளிக்கீற்றும் குமிழியும் வருகின்றன. ஏன்?

ஈரம். கண்ணுக்குத் தெரியும் கீற்று பாதிச் சேதம்தான், மீதி உள்ளே. பாலிகார்பனேட், பாலியூரித்தேன், பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) ஆகியவை ஈரத்தோடு உருகும்போது சங்கிலி துண்டாகிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும் இணைப்பானும் திருகும்போது உடையும்.

பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்தி ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். பீக் (சூடு தாங்கும் விறைப்பான பிளாஸ்டிக்) என்றால் 150 டிகிரியில் குறைந்தது 3 மணி. யூரித்தேனுக்கு 80 முதல் 100 டிகிரி. ரகத்தைப் பொறுத்து மாறும். பாலிபுரொப்பிலீனுக்கு உலர்த்தல் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெறும் சூடான காற்று ஊதும் டிரையர் உதவாது. ஈரக்காற்றையே சூடாக்கி ஊதும். பனிநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே தரும் டெசிகன்ட் டிரையர் வேண்டும். உலர்த்திய குருணையைத் திறந்த ஹாப்பரில் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் வேலை வீண். மூடி போட்ட ஹாப்பர், அரை மணிக்குத் தேவையான அளவு மட்டும்.

எந்த முறையில் ஸ்டெரிலைஸ் செய்வது?

பொருளைத் தேர்ந்தெடுக்கும் அன்றே இதையும் முடிவு செய்ய வேண்டும். பாகத்தை முடித்துவிட்டு யோசிப்பவர்கள் மோல்டையே மாற்ற நேர்கிறது.

நீராவி என்றால் 121 டிகிரியில் 15 நிமிடம் அல்லது 134 டிகிரியில் 3 நிமிடத்துக்குக் குறையாமல். சிலிகோன், பீக், பாலிசல்ஃபோன் குடும்பம் இரண்டையும் தாங்கும். பாலிபுரொப்பிலீன் 121-ஐத் தாங்கும். பாலிகார்பனேட் சில சுற்றுகளுக்குத் தாங்கி, பிறகு நீராற்பகுப்பில் மங்கி வெடிக்கும். சாதாரணப் பாலிஎத்திலீனும் அக்ரிலிக்கும் வளைந்துவிடும். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். ஆட்டோகிளேவ் பக்கமே போகக் கூடாது.

காமா கதிர் வழக்கமாக 25 கிலோகிரே. இதில் ஏமாற்றுவது பாலிபுரொப்பிலீன். கதிர் பட்ட அன்று நன்றாகத்தான் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஃப்ரீ ராடிக்கல்கள் மாதக்கணக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஆறாம் மாதம் சிரிஞ்சின் விளிம்பு விரல் அழுத்தத்தில் நொறுங்கும். கதிருக்கென்றே நிலைப்படுத்திய ரகம் வேண்டும். சோதனையும் பழுக்கவைத்த (சூட்டில் வைத்து வேகமாக வயதேற்றிய) பிறகே செய்ய வேண்டும். டெஃப்லானும் அசிட்டாலும் காமாவுக்கு உதவவே உதவாது. பாலிகார்பனேட் மஞ்சளடிக்கும், சில வாரங்களில் ஓரளவு தெளியும். மூட்டுக்கான பாலிஎத்திலீனைக் காற்றுப் புகும் பேக்கில் வைத்துக் காமா கொடுத்த காலத்தில், அலமாரியில் இருந்தபடியே ஆக்சிஜனேற்றமாகி, பொருத்திய பிறகு செதில் செதிலாகப் பிரிந்தது. ஆக்சிஜன் இல்லாத பேக்கிங்கும் விட்டமின் ஈ சேர்ப்பதும் அதன் பிறகு வந்தவை.

எத்திலீன் ஆக்சைடு பெரும்பாலான பிளாஸ்டிக்குக்கு இதமானது. ஆனால் வாயு உள்ளே போய் வர வழியுள்ள பேக் வேண்டும். மருத்துவக் காகிதமோ டைவெக் என்ற காற்றுப் புகும் தாளோ ஒரு பக்கம் இருக்க வேண்டும். முழு பாலித்தீன் பையில் போட்டு அனுப்பினால் கிருமியும் சாகாது, புகுந்த வாயுவும் வெளியேறாது. பிவிசியும் யூரித்தேனும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றாட நாள் கொடுங்கள். உடம்போடு ஒத்துப்போவதைச் சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10993-ன் 7-ம் பகுதிப்படி, 24 மணி நேரத்துக்குள் முடியும் தொடர்புக்குச் சாதனம் ஒன்றிலிருந்து நோயாளிக்குப் போகும் எத்திலீன் ஆக்சைடு 4 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அவசர ஆர்டர் என்று காற்றாடலைக் குறைப்பதை நாங்கள் ஒருபோதும் ஏற்க மாட்டோம்.

பாலிகார்பனேட் ஸ்டாப்காக்கில் மெல்லிய விரிசல் விழுகிறது. மோல்டிங்கில் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

உள்ளே தங்கிய இறுக்கமும் ரசாயனமும் சேர்ந்த வேலை இது. லூயர் கூம்பை (சிரிஞ்சும் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் முனை) வலுவாகத் திருகியதும் பெண் பக்கத்தின் வாய் விரிந்து இழுபடுகிறது. அந்த நிலையில் லிப்பிட் கலந்த மயக்கமருந்தோ, துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ பட்டால் போதும். வாயிலிருந்து நீளவாக்கில் தலைமுடி போன்ற கோடுகள் கிளம்பும், வெளிச்சத்தில் சாய்த்தால் வெள்ளியாக மின்னும். அதன் வழியே மருந்து கசியும், காற்று புகும்.

இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்து நடுவில் பாகத்தைப் பிடித்துப் பாருங்கள். கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் இடம்) பக்கத்தில் வானவில் பட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் அங்கே இறுக்கம் அதிகம். மோல்ட் சூட்டை 80 முதல் 100 டிகிரிக்கு உயர்த்துங்கள். பேக்கிங் அழுத்தத்தைத் தணியுங்கள். கேட்டை வாயிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்ந்த மோல்டில் வேகமாக ஓட்டி சுழற்சி நேரத்தில் லாபம் பார்ப்பதுதான் இந்த விரிசலின் ஊற்று. அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் லிப்பிட் தாங்கும் ரகமோ கோபாலியஸ்டரோ எடுக்க வேண்டும். லூயர் அளவுகள் ஐஎஸ்ஓ 80369-ன் 7-ம் பகுதிப்படி இருக்கின்றனவா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். சரிவு 6 சதவீதம்.

என்னென்ன சோதனை செய்ய வேண்டும்? மாதிரியை எப்படி அனுப்புவது?

தொடும் இடமும் நாளும்தான் பட்டியலைத் தீர்மானிக்கின்றன. 24 மணி நேரம் வரை, 30 நாள் வரை, அதற்கும் மேல் என்று மூன்று படி. தோலில் ஒரு மணி நேரம் படும் பாகத்துக்கும் செல் நச்சு, ஒவ்வாமை, எரிச்சல் ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ரத்தம் பட்டால் ஐஎஸ்ஓ 10993-ன் 4-ம் பகுதி. உள்ளே பதித்தால் 6-ம் பகுதி. எல்லாவற்றுக்கும் அடியில் 18-ம் பகுதியின் ரசாயன ஆய்வு.

செல் நச்சுச் சோதனையை முதலில் செய்யுங்கள். எலியின் எல்-929 செல்கள், 37 டிகிரியில் 24 மணி நேரம் எடுத்த சாறு. உயிரோடு இருக்கும் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சிக்கல். சாறு எடுக்கும் கணக்கில் பலரும் தடுமாறுகிறார்கள். 0.5 மி.மீ. வரை தடிமனுக்கு ஒரு மி.லி.க்கு 6 சதுர செ.மீ.; அதற்கு மேல் 3; ஒரு மி.மீ.யைத் தாண்டிய ரப்பர் வகைக்கு 1.25. ஆக 2 மி.மீ. சிலிகோன் தாளில் 5-க்கு 5 செ.மீ. துண்டு என்றால் இரு முகமும் சேர்ந்து 50 சதுர செ.மீ.; 40 மி.லி. திரவம்.

மாதிரியாக அழகான பாகங்களைப் பொறுக்கி அனுப்பாதீர்கள். வழக்கமான ஓட்டத்தில் வந்து, வழக்கம்போல் கழுவி, பேக் செய்து, ஸ்டெரிலைஸ் ஆனவற்றை அனுப்புங்கள். தோற்றால் பாலிமரைத் திட்டுவதற்கு முன் கழுவும் சோப்பின் மிச்சம், அரைகுறையாகக் கியூர் ஆன ஒட்டு, எத்திலீன் ஆக்சைடு மிச்சம் என்று வரிசையாகப் பாருங்கள்.

தானாகக் கரையும் தையல் நூல் எப்படிக் கரைகிறது?

நீரால், நீராற்பகுப்பில். கிளைகோலைடு 90, லாக்டைடு 10 பங்கு கொண்ட பின்னல் நூல் 2 வாரத்தில் சுமார் 75 சதவீதமும் 3 வாரத்தில் 50 சதவீதமும் வலுவைத் தக்கவைக்கும். 56 முதல் 70 நாளில் மறையும். பாலிடையாக்ஸனோன் நூல் ஆறு மாதத்தை ஒட்டி மறையும். வலு போகும் நாளும் நூல் மறையும் நாளும் வேறு வேறு. அறுவை மருத்துவருக்கு வேண்டியது முதலாவது. ஃபாயில் உறையைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்தினால், காற்றின் ஈரமே கரைப்பைத் தொடங்கிவிட்டிருக்கும்.

எலும்புக்குப் பீக் ஏன்?

விறைப்புக்காக. எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி 20 கிகாபாஸ்கலை ஒட்டியோ குறைவாகவோ இருக்க, டைட்டானியக் கலவை 110. பாரத்தை உலோகமே தாங்கிக்கொண்டால் எலும்பு மெலியும். பீக் 3 முதல் 4 தான். கார்பன் இழை சேர்த்தால் எலும்பை நெருங்கும். எக்ஸ்-ரேயில் தெரியாது என்பதால் டாண்டலம் ஊசிமுனை அடையாளம் பதிக்கிறார்கள். வழவழப்பான பீக்கில் எலும்பு ஒட்டாது.

மூட்டைப் பிடித்து நிறுத்தும் எலும்புச் சிமென்ட் வேறு கதை. ஒரு பேக்கில் வழக்கமாக 40 கிராம் தூள், 20 மி.லி. திரவம். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஸ்டோரில் இருந்த பேக்கை நேராக தியேட்டருக்குக் கொண்டுபோனால், வைத்து அழுத்துவதற்குள் இறுகிவிடும். முதல் நாளே குளிரூட்டிய அறைக்கு மாற்றி வையுங்கள்.

ஆம்பூரில் சோல் செய்கிறோம். எங்களுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு, அது இந்த மண்ணிலேயே வளர்ந்த துறை. 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வருவதற்குக் காரணம் தசை தானாக அழுகுவது அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் விழும் அழுத்தம் என்று காட்டினார். சிஎம்சியிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு அந்தத் தேவைக்காகவே உருவானது. இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே தேவை.

உட்தாளின் கடினம் சுமார் 15 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்). விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கிள்ளினால் அமுங்க வேண்டும், ஆனால் விரல்கள் சந்திப்பது போல் உள்ளுக்குப் போகக் கூடாது. விட்டதும் எழ வேண்டும். அமுங்கியே கிடந்தால் ஒரு மாதத்தில் செருப்பு வெறும் பலகை. ஆணி அடிக்கக் கூடாது. உணர்வில்லாத பாதத்துக்கு ஆணி மேலே வந்தது தெரியாது. ஒட்டும் பசையில் உள்ள பியூட்டைல்பீனால் ஃபார்மால்டிஹைட் பிசின், ரப்பரின் தையூரம் முடுக்கிகள், தோலில் மிஞ்சும் ஆறு இணைதிறன் குரோமியம் ஆகியவை ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. தோலில் படும் சாதனத்துக்கான ஒவ்வாமைச் சோதனை இங்கே சம்பிரதாயம் இல்லை.

முப்பரிமாண அச்சில் அறுவை வழிகாட்டி செய்யலாமா?

ரெசின் தயாரிப்பாளர் சொன்ன அதே அச்சு இயந்திரம், அதே கழுவும் நேரம், அதே ஒளிக் கியூர் என்றால் மட்டும். நேரத்தைக் குறைத்தால் இறுகாத மோனோமர் தங்கும். அது செல்லைக் கொல்லும்.

உரிமம் யாரிடம் வாங்குவது?

மருத்துவச் சாதன விதிகள் 2017-படி ஆபத்து குறைந்த ஏ (ஸ்டெரிலைஸ் ஆனதும் அளவிடுவதும்), பி வகுப்புகளுக்கு மாநில அதிகாரி எம்டி-5 படிவத்தில் உரிமம் தருவார். ஆபத்து கூடிய சி, டி வகுப்புகளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்டி-9. சோதனைக்காகச் சிறிதளவு செய்ய எம்டி-13. சிரிஞ்சு பி, இதய வால்வு டி. பாகம் மட்டும் செய்து கொடுப்பவரிடம் முழுச் சாதனம் செய்பவர் ஐஎஸ்ஓ 13485 (மருத்துவச் சாதனத் தர மேலாண்மைச் சான்று) கேட்பார்; அதைத் தயாராக வையுங்கள்.

'காலாவதி 3 ஆண்டு' என்று எந்தத் துணிவில் போடுவது?

55 டிகிரியில் பழுக்கவைத்து. சூடு 10 டிகிரி ஏறினால் வேகம் இருமடங்கு என்பது வழக்கக் கணக்கு. சேமிப்பு 25 டிகிரி என்று வைத்தால் வேகம் 8 மடங்கு. ஓராண்டுக்குச் சுமார் 46 நாள். ஆனால் நம் ஊர் கிடங்கு 25 டிகிரியில் இருப்பதில்லை. 30 என்று வைத்தால் வேகம் 5.7 மடங்குதான், ஓராண்டுக்கு 65 நாள் ஓட்ட வேண்டும். இரண்டாவதே நேர்மையான கணக்கு. கூடவே உண்மை நேரத்திலும் மாதிரிகளை வைத்துப் பாருங்கள்.

பயன்பாட்டில் உடைந்த பாகம் திரும்பி வந்தால் என்ன செய்வது?

முதலில், வந்ததே நல்லது என்று எண்ணுங்கள். காட்பாடியில் ரயிலேறி வங்காளத்துக்கும் அசாமுக்கும் போய்விட்ட நோயாளியிடமிருந்து பெரும்பாலும் ஒரு தகவலும் வராது. உறையில் லாட் எண் அழியாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

கையுறையோடு எடுத்து, கழுவுவதற்கு முன் படம் பிடியுங்கள். ஆட்டோகிளேவில் போடாதீர்கள், சூடு தடயத்தை அழிக்கும். பத்து மடங்கு லென்ஸில் முறிவு முகத்தைப் பாருங்கள். கண்ணாடி போல் வழவழத்து, பக்கத்தில் நிறைய மயிர்க்கோடுகள் இருந்தால் ரசாயன இறுக்க விரிசல். இழுபட்டு வெளுத்திருந்தால் அளவுக்கு மீறிய பாரம். நடுவில் குமிழியோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் காரணம் உங்கள் மெஷினில் இருக்கிறது. அதே லாட்டில் ஒதுக்கி வைத்த மாதிரியை எடுத்து ஒப்பிடுங்கள். எதிர்பாராத தீவிரப் பாதிப்பு என்ற சந்தேகம் இருந்தால் உரிமம் தந்த அதிகாரிக்கு 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உடைந்த இரண்டு துண்டையும் பொருந்துகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்க்காதீர்கள். முகங்கள் உரசினால் படிக்க வேண்டியது தேய்ந்துபோகும். தனித்தனி உறையில் போட்டு, லாட் எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள்.